மலைக்குளிரில் ஒன்றரை வயது: டீச்சரிடம் கேட்டவை

நடை பழகிய சின்னப் பிள்ளைகளைப் பற்றி நீலகிரிப் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு, அங்கன்வாடியில் நெடுங்காலம் வேலை பார்த்த டீச்சர் பதில் சொல்கிறார்.

குன்னூர் அம்மா: டீச்சர், பையனுக்கு ஒன்றரை வயது. மழையும் மூடுபனியும் தொடங்கியதிலிருந்து, சளி பிடிக்கும் என்று மாமியார் அவனை வெளியிலேயே விடுவதில்லை. ராத்திரி அறைக்குள் கரி அடுப்பு வைக்கிறோம். சரிதானா?

அடுப்பை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள் அம்மா. கதவு சாத்திய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நம் மாவட்டத்திலேயே போயிருக்கிறது. தணல் அடங்கிவிட்டதே என்று உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்துதான். வெந்நீர்ப் பையை மெத்தையில் வைத்துச் சூடாக்கி, பிள்ளையைப் படுக்க வைக்கும் முன் எடுத்துவிட்டால் போதும்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ். அடைத்த வீட்டில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் அது சுலபமாகப் பரவும். மழை விட்ட நேரமாகப் பார்த்து வெளியே விடுங்கள். உள்ளே பருத்தி பனியன், மேலே ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா. கை ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பு இருந்தால் சரி. வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள், நனைந்த பனியனை மாற்றுங்கள். மாமியாரின் பயம் பேரன்மேல் உள்ள பாசம். சண்டை வேண்டாம், அவரையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கோத்தகிரி அப்பா: வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிஷம். மகளோடு போனால் ஒரு மணி நேரம் ஆகிறது. தூக்கினால் அழுகிறாள்.

தம்பி, அவளுக்குக் கடை எதற்கு? சுவரில் படர்ந்த பாசியை விரலால் அழுத்திப் பார்க்கிறாள், தண்ணீர் கசிகிறது. மறுபடி அழுத்துகிறாள், மறுபடி கசிகிறது. இன்னும் எத்தனை தடவை வரும் என்று அவள் பார்க்க வேண்டாமா? அவசர வேலைக்கு அவளைக் கூட்டிப் போகாதீர்கள். அவளுக்கென்றே தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள். கிளம்ப வேண்டுமென்றால், "இன்னும் ஒரு தடவை, அப்புறம் போகலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போதும் அழுதால் அழட்டும். கோபப்படாமல் தூக்கிக்கொண்டு நடங்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு படிக்கட்டு. திரும்பி, வயிற்றைப் படியில் வைத்து, காலை முதலில் கீழே விட்டு இறங்கக் கற்றுக்கொடுங்கள். பழகும் வரை நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள். மேல்படியில் ஒரு தடுப்பும் வேண்டும்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அம்மா: காலையில் இலை பறிக்கப் போகும் அவசரம். பாப்பாவுக்கு டீயும் ரஸ்க்கும்தான் கொடுக்கிறோம்.

டீயை நிறுத்துங்கள் அம்மா. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். பாலும் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, ரத்தசோகை வரும். ராத்திரியே வேகவைத்த முட்டையோ, பருப்புச் சாதமோ எடுத்து வையுங்கள். செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்தை வாரம் இருமுறை, 1 மில்லி, மறக்காமல் கொடுங்கள்.

கூடவே இன்னொன்று. ஊட்டி கேரட் இனிப்பாக இருக்கிறதே என்று பச்சைத் துண்டைக் கையில் கொடுத்துவிடுவோம். கடைவாய்ப் பல் சரியாக வராத பிள்ளைக்கு அது தொண்டையில் அடைக்கும். விரலால் நசுங்கும் அளவுக்கு வேகவையுங்கள், இல்லாவிட்டால் துருவுங்கள். முழு வேர்க்கடலையும் இப்போது வேண்டாம்.

உதகை அப்பா: வீட்டில் படுக மொழி, மனைவிக்குத் தமிழ். பையன் குழம்பிப் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. பாட்டியிடம் 'ஹாலு', அம்மாவிடம் 'பால்' என்று கேட்கிறான் என்றால் யாரிடம் எதைப் பேசுவது என்று அவனுக்குத் தெரிகிறது. இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாவிட்டால், மொழியைக் குறை சொல்லாமல் காதைப் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள்.

கூடலூர் பாட்டி: பேத்திக்கு இருமல். மலைத்தேன் கொடுக்கலாமா?

ஒரு வயது முடிந்திருந்தால் படுக்கும் முன் அரை டீஸ்பூன் கொடுக்கலாம். ஒரு வயது முடியவில்லை என்றால் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 40ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.