வயலுக்கு அடியில் கிடக்கும் போர்: வாசகர் கேள்வி பதில்

டெல்டாவில் நடந்த பழைய சண்டைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மெட்டல் டிடெக்டர், பீரங்கிக் குண்டு, ஈயக் குண்டு என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் அதிகம். இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். 1782-ல் திப்பு சுல்தான் ஆங்கிலேயப் படையை மடக்கிப் பிடித்தது எங்கள் கொள்ளிடக்கரைப் பக்கம்தான் என்கிறார்கள். வயல்களில் தேடினால் துப்பாக்கிக் குண்டு, வாள், ராக்கெட் ஏதாவது கிடைக்குமா? கிடைத்தால் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தம்பி, நடந்த சண்டை உண்மைதான். கர்னல் பிரெய்த்வைட்டின் கீழ் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்த படையை 1782 பிப்ரவரியில் திப்பு சுற்றி வளைத்தார், அவர் பக்கம் பிரெஞ்சு வீரர்களும் இருந்தார்கள், நாள்கணக்கில் தாக்குப்பிடித்துவிட்டு பிப்ரவரி 18-ல் பிரெய்த்வைட் சரணடைந்தார். அவ்வளவு பேர் திறந்த வெளியில் நின்று சுட்டுக்கொண்டால் மண்ணில் ஈயம் விழாமல் இருக்காது.

ஆனால் நீ கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் இதைக் கேள். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற போர்க்களம் இருக்கிறது, 1876-ல் சண்டை நடந்த இடம். 1983-ல் காட்டுத்தீ வந்து புல்லெல்லாம் எரிந்து போனதும், தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். சத்தம் வந்த இடத்தில் கொடி நட்டு, ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு தோட்டாக் கூடும் கிடந்த புள்ளியை அளந்து குறித்துக்கொண்ட பிறகுதான் எடுத்தார்கள். ஒரே துப்பாக்கியில் சுடப்பட்ட கூடுகளை அவற்றில் இருந்த தடத்தை வைத்து அடையாளம் கண்டு, அந்தத் துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொன்னார்கள். அங்கே யாராவது முன்கூட்டியே வந்து பொறுக்கிக்கொண்டு போயிருந்தால் இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. நம் பக்கமும் அப்படித்தான். ஆங்கிலேயர் துப்பாக்கியின் ஈயக் குண்டு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் குறுக்களவு, பிரெஞ்சுக்காரர்களுடையது அதைவிடக் கொஞ்சம் சிறியது. எந்த அளவுக் குண்டு எந்த வயலில் எத்தனை கிடக்கிறது என்று ஒரு வரைபடம் வந்தால், யார் எங்கே நின்றார்கள் என்று முதல்முறையாக மண்ணே சொல்லும். நீ எடுத்து டப்பாவில் போட்டு வைத்தால் அது வெறும் ஈயம், இருபது கிராமோ முப்பது கிராமோ, அவ்வளவுதான். சேற்றுழவு ஓட்டி ஓட்டி மேல்மண் கலங்கியிருக்குமே என்று கேட்பாய். குண்டுகள் கொஞ்சம் இடம் மாறும், ஆனால் கும்பலாக விழுந்தது கும்பலாகத்தான் இருக்கும், அதனால் வரைபடத்துக்கு இன்னமும் பயன் உண்டு.

இப்போது சட்டம். 1878-ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட மத்திய அரசுச் சின்னம் என்றால் சுற்றிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி, அங்கே மெஷினோடு போய் நிற்கவே நிற்காதே. ஆற்றுப் படுகை அரசு நிலம். தனியார் வயல் என்றாலும் பட்டாதாரர் சம்மதம் மட்டும் போதாது, குத்தகைக்கு உழுகிறவர் வேறு ஆளாக இருப்பார், அவரையும் கேட்க வேண்டும். சம்பா அறுப்பு முடிந்ததும் நிலம் சும்மா கிடக்கும் என்று நினைக்காதே, உளுந்தும் பயறும் நிற்கும்.

என் கருத்தைக் கேட்டால், தனியாகப் போகாதே. பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையையோ மாநிலத் தொல்லியல் துறையையோ எழுதிக் கேள், அனுமதியோடு ஆய்வு நடக்கும்போது டிடெக்டர் ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரன் அவர்களுக்குப் பெரிய உதவி. அதுவரை உன் வீட்டுக் கொல்லையில் பழகு. லாட ஆணி, கலப்பைக் கொழுவின் உடைந்த துண்டு, குவார்ட்டர் பாட்டில் மூடி இவற்றின் சத்தமெல்லாம் காதுக்குப் பழகட்டும்.

ஒரு விஷயம் மறந்துவிடப் போகிறேன். மெஷினில் இரும்பை ஒதுக்கும் வசதி இருக்கும், எல்லோரும் அதைப் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். போர்க்களத்தில் அதைப் போடவே கூடாது. திப்புவின் படை விட்ட மைசூர் ராக்கெட்டின் உடம்பு இரும்புக் குழாய். 2018-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை எடுத்தார்கள். துருப்பிடித்த அந்தக் குழாயைப் பார்த்தால் நம் ஊரில் பழைய பம்புசெட்டுத் துண்டு என்று தூக்கி எறிந்துவிடுவோம்.

கேள்வி: கடலுக்குப் போன இடத்தில் வலையில் ஓர் இரும்பு உருண்டை வந்தது. வீட்டில் வெயிலில் காயவைத்தேன், தோல் தோலாக உரிகிறது. என்ன செய்வது? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: அண்ணே, முதலில் அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள், துளை போடாதீர்கள். நாகப்பட்டினக் கடலில் 1746, 1758, 1782 என்று மூன்று முறை ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதியிருக்கின்றன, அதனால் பீரங்கிக் குண்டாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் குண்டில் இரண்டு வகை. ஒன்று கெட்டி இரும்பு. இன்னொன்று உள்ளே குடைந்து வெடிமருந்து நிரப்பித் திரி வைத்தது. அந்தத் திரித் துளை துருவால் மூடிக்கொண்டால் வெளியே தெரியாது. நூறு வருடம் ஆனால் மருந்து செத்துப்போயிருக்கும் என்று நம்பவேண்டாம். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அவர்கள் உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து ஒரு சேகரிப்பாளர் இறந்தார், பல வருடம் அந்த வேலையில் பழகியவர்.

அதனால் துளையோ, துளையை அடைத்த மாதிரி ஒரு வட்டமோ தெரிந்தால் இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளை விலக்கிவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து பார்க்கும். ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்வதுதான் நல்லது.

கெட்டிக் குண்டுதான் என்று உறுதியான பிறகு உரிவதைப் பற்றிப் பேசுவோம். கடல் உப்பு இரும்புக்குள் ஊறிப்போயிருக்கிறது, காற்று பட்டுக் காயும்போது அது துருவை உள்ளிருந்து தள்ளுகிறது, அதனால்தான் தோல் உரிகிறது. வெயில் அதற்கு எமன். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஐம்பது கிராம் சலவை சோடா கரைத்து, குண்டு முழுதும் மூழ்குகிற மாதிரி வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். உப்பு முழுதாக வெளியேற மாதக்கணக்கில் ஆகும், அதை அருங்காட்சியகத்து ஆட்களிடம் விடுவதே சரி. உங்கள் ஊரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை பாகம் (ஆறடி ஒரு பாகம்) ஆழம், எந்தப் பாடு (மீன்பிடி இடம்) என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது குண்டைவிட அவர்களுக்கு முக்கியம்.

அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: சிமெண்ட் ஆலையில் அரைக்கப் போடும் இரும்பு உருண்டையும் பார்க்க அப்படியே பீரங்கிக் குண்டு மாதிரிதான் இருக்கும். தரையில் கிடைத்தது என்றால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரங்கம்பாடிக் கடற்கரையில் சின்னச் சின்ன ஈய உருண்டைகள் பொறுக்கினேன். டேனிஷ்காரர்கள் சுட்டதா? (மயிலாடுதுறை கல்லூரி மாணவி)

பதில்: உருண்டையின் நடுவில் துளை இருக்கிறதா பாரும்மா. இருந்தால் வலைக்குக் கட்டிய ஈயம், அந்தக் கரையில் அதுதான் அதிகம் கிடைக்கும். துளை இல்லாமல், சுற்றிலும் மெல்லிய வரம்பும் ஓரிடத்தில் வெட்டிய தழும்பும் இருந்தால் அச்சில் வார்த்த துப்பாக்கிக் குண்டாக இருக்கலாம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் எதிலோ பட்டிருக்கிறது. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிடாதே, அதுதான் உள்ளே இருக்கும் ஈயத்தைக் காக்கிறது. தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

தட்டையாக, ஏதோ எழுத்து மாதிரித் தெரிகிற ஈயத் துண்டு இருந்தால் தனியாக எடுத்து வை. டேனிஷ்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஈயத்திலேயே காசு அடித்தார்கள். ஆனால் கடற்கரையில் கிடைத்ததை வைத்து இங்கேதான் சண்டை நடந்தது என்று எழுதிவிடாதே. அந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது, மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியே போய்விட்டது, 2004 சுனாமியும் மணலைப் புரட்டிப் போட்டது. டான்ஸ்போர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டு.

கேள்வி: ஈர மணலில் வைத்தாலே மெஷின் விடாமல் கத்துகிறது. பழுதா? (வேளாங்கண்ணி வாசகர்)

பதில்: பழுதில்லை. மெஷினின் சுருள் காந்தப் புலத்தை அனுப்புகிறது, மின்சாரம் கடத்தும் எது கீழே இருந்தாலும் பதில் வரும். உப்புத் தண்ணீர் ஊறிய மணலும் கடத்தும், ஆகவே கரை முழுவதையும் ஒரே உலோகமாக அது நினைத்துக்கொள்கிறது. உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள், மண் தரும் சத்தத்தை ஒதுக்கும் நிலச் சமன் வசதி இருந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்யுங்கள். ஒரே அலைவரிசையில் ஓடும் விலை குறைந்த மெஷினுக்கு இதற்கு மேல் வராது, பல அலைவரிசை மெஷின் இங்கே நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் காசு அளவுள்ள பொருள் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போனால் கண்டுபிடிப்பது கஷ்டம். காவிரி வருடக்கணக்கில் வண்டல் போட்ட மண்ணில் பழைய பொருள் பெரும்பாலும் அதற்கும் கீழே இருக்கும்.

கேள்வி: தாத்தா காலத்து வயலில் கிடைத்த வாள் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் நல்ல விலை தருகிறார்களாமே? (திருவாரூர் வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், உள்ளூரில் விற்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். மேலே சொன்னபடி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எங்கே காட்டலாம்? தோண்டாமல் பார்க்க ஏதாவது உண்டா? (பாபநாசம் ஆசிரியை)

பதில்: தஞ்சாவூர்க் கீழவாசல் பீரங்கிமேட்டுக்கு அழைத்துப் போங்கள் டீச்சர். அங்கிருக்கும் பீரங்கி ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளம், ரகுநாத நாயக்கர் காலம். அது வார்ப்பு இரும்பு இல்லை, நீளமான இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கி அடித்துச் செய்தது. அந்த வளையங்களைப் பிள்ளைகளே தொட்டு எண்ணட்டும். அந்தக் காலப் பெரிய பீரங்கிகளுக்குக் கல் குண்டும் போட்டார்கள், கல்லுக்கு எந்த டிடெக்டரும் சத்தம் தராது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அப்படியே சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் போனால் மராத்தியர் காலத்தில் மோடி என்ற மராத்தி எழுத்துமுறையில் எழுதிய ஆவணங்கள் இருக்கின்றன, அரண்மனையின் வரவு செலவுகூட அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், கூட்டமாகப் போவதென்றால் நூலகத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.