வாசகர் கேள்வி – பதில்: ஏராவும் பிளாக்கும்

2025 செப்டம்பரில் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்க அரசுக் கப்பல் கட்டும் நிறுவனங்களான கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டன. அதிலிருந்து கப்பல் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. இந்த இதழில் ஐந்துக்குப் பதில்.

தோணி கட்டும்போது ஏரா (அடிமரம்) வைத்து, வங்கு (விலா மரம்) நிறுத்தி, அப்புறம்தான் பலகை அடிப்போம். இரும்புக் கப்பலும் அப்படித்தானா?
– வாசகர், தூத்துக்குடி

இல்லை. அந்த வரிசை ரிவெட் அடித்த காலத்தோடு போயிற்று. இப்போது கப்பலைத் துண்டு துண்டாகக் கட்டிக் கடைசியில் சேர்க்கிறார்கள். துண்டுக்குப் பெயர் பிளாக். 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 12 மில்லி கனமுள்ள தகடு ஒன்றே சுமார் 2.8 டன் இருக்கும். அதை நிமிர்த்தி, ஷாட் பிளாஸ்ட் செய்து (இரும்புக் குருணையை வீசியடித்துத் துருவை அகற்றி), பிரைமர் அடித்து, பிளாஸ்மா மெஷினில் வெட்டி, விறைப்புச் சட்டங்களைப் பற்றவைத்தால் பேனல். பேனல்கள் சேர்ந்தால் பிளாக். பல பிளாக்குகளைக் கவிழ்த்துப் போட்டே கட்டுவார்கள். அண்ணாந்து பற்றவைக்க வேண்டிய இடமெல்லாம் அப்போது கைக்குக் கீழே வந்துவிடும். குழாய், ஏணி, கேபிள் தட்டு எல்லாவற்றையும் பிளாக்கிலேயே மாட்டிவிடுவது கெட்டிக்காரத்தனம். பட்டறையில் ஒரு மணி நேர வேலை, பிளாக்கில் மூன்று மணி, மிதக்கும் கப்பலுக்குள் எட்டு மணி என்பது தொழிலில் புழங்கும் கணக்கு.

ஆகவே ஒரு தளத்தின் தரத்தை அளக்க எத்தனை ஏக்கர் என்று கேட்டுப் பயனில்லை. கிரேன் எத்தனை டன் தூக்கும், டாக் (கப்பலைச் சேர்த்துக் கட்டும் பள்ளத் தொட்டி) எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். கொச்சியில் 2024 ஜனவரியில் திறந்த புதிய உலர் டாக்கின் நீளம் 310 மீட்டர். அதன் கேன்ட்ரி கிரேன் 600 டன் தூக்கும். பிளாக் பெரிதாகப் பெரிதாக, டாக்கில் கப்பல் கிடக்கும் நாள் குறையும். ஒரு கப்பல் வெளியேறினால்தானே அடுத்தது உள்ளே வர முடியும்?

ஏரா வைப்பது பெயரளவில் மிஞ்சியிருக்கிறது. குறிப்பிட்ட கப்பலுக்கென்று 50 டன், அல்லது மொத்தக் கட்டுமான எடையில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அவ்வளவு சேர்ந்தாலே ஏரா வைத்ததற்குச் சமம் என்கிறது சர்வதேச விதி. எந்த வருஷத்து விதி அந்தக் கப்பலைக் கட்டுப்படுத்தும் என்பதை ஏரா வைத்த தேதி முடிவு செய்வதால், முதலாளிகள் அதில் கண்ணாக இருப்பார்கள்.

அண்ணாச்சி, ஐடிஐயில் வெல்டிங் படிக்கேன். கப்பல் தளத்தில் என்ன சோதிப்பாங்க? எதுல தப்பு விழும்?
– மாணவர், பேட்டை

தம்பி, 3ஜி, 4ஜி இரண்டையும் கைக்குக் கொண்டுவா. முதலாவது செங்குத்து, இரண்டாவது தலைக்கு மேல். சோதனைத் துண்டை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

தளத்தில் பெரும்பாலும் ஃப்ளக்ஸ் கோர் வயரும் (உள்ளே பொடி அடைத்த வெல்டிங் கம்பி), பற்றைக் காற்று படாமல் மூடும் கார்பன் டை ஆக்சைடு கேஸும்தான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைக்கு வரம், வெல்டருக்குச் சனியன். மணிக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டினாலே கேஸ் கலைந்து, பற்றுக்குள் பொத்தல் விழத் தொடங்கும். கேஸைக் கூட்டி வைத்துச் சமாளிக்கப் பார்க்காதே. அளவு மீறினால் சுழல் உண்டாகி, வெளிக்காற்றை அதுவே உள்ளே இழுக்கும். தார்ப்பாய் கட்டி மறைப்பதே வழி.

7018 என்ற வெல்டிங் ராடைத் திறந்து போட்டால் கடலோர ஈரத்தைக் குடித்துவிடும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றுக்குள் நுழையும். பற்று அன்றைக்கு அழகாக இருக்கும், மறுநாள் விரிசல் விடும். அதனால்தான் கனமான, வலுக்கூடிய எஃகில் 48 மணி நேரம் விட்டு அல்ட்ராசோனிக் (ஒலியலைச் சோதனை) பார்ப்பது வழக்கம். ஈரமேறிய ராடை, கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் சூட்டில் (பொதுவாக 300 டிகிரிக்கு மேல்) அடுப்பில் வைத்து எடுத்த பிறகே தொடு.

இன்னொன்று சுருக்கம். பற்று ஆறும்போது தகட்டை இழுக்கும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போ. தகட்டோடு தகடு சேரும் மூட்டை முதலில் முடி, சட்டம் பிறகு. வரிசையை மாற்றினால் தகடு அப்பளமாக நெளியும். கேஸ் டார்ச்சும் தண்ணீரும் வைத்து நிமிர்த்துவதற்குள் ஒரு நாள் போய்விடும்.

முக்கிய அளவுகளை விடியுமுன் எடுப்பதாகத் தளத்தில் வேலை பார்க்கும் என் மகன் சொல்கிறான். வெயிலுக்குப் பயந்தா?
– வாசகர், வள்ளியூர்

வெயிலுக்குத்தான், ஆளுக்காக அல்ல, இரும்புக்காக. 100 மீட்டர் மேல்தளம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 24 மில்லி நீளும். அடித்தளம் நிழலில் அப்படியே கிடக்கும். கப்பல் நடுவில் மேடாகி, இரு முனையும் தணியும். புரொப்பெல்லர் தண்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் நேராக்கும் வேலையை அந்த நேரத்தில் செய்ய முடியுமா? தண்ணீரில் இறங்கியதும் உடல் மறுபடி சற்று வளையும் என்பதால், மிதந்த பிறகு இன்னொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம், துரு நிற்கவில்லை. கப்பலில் மட்டும் எப்படி நிற்கிறது?
– வாசகி, உவரி

உப்பின் மேலேயே பெயின்ட் அடிக்கிறீர்கள். கப்பலின் பாலாஸ்ட் தொட்டிக்கு (கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) விதி இருக்கிறது: பூச்சு அடிக்கும் பரப்பில் உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இரும்பின் சூடு பனி பிடிக்கும் நிலையை விட 3 டிகிரியாவது கூடுதலாக வேண்டும். காய்ந்த பூச்சு 320 மைக்ரான். இத்தனையும் 15 வருஷத்தைக் குறிவைத்து. கூரான விளிம்பில் பெயின்ட் தங்காது என்பதால் முன்பே அதை உருட்டித் தேய்த்துவிடுவார்கள். நீங்களும் கம்பியைத் துருபோகச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் பிரைமரை விளிம்பில் தூரிகையால் தனியாக ஒரு முறை தடவிவிட்டு மற்றதை அடியுங்கள். விடிகாலையில் வேண்டாம், கம்பியில் பனி பிடித்திருக்கும்.

குஜராத் அலங்கில் கப்பலைக் கரையேற்றி உடைக்கிறார்களே, நம் கரையில் ஏன் இல்லை?
– வாசகர், திருச்செந்தூர்

ஓதம் போதாது. அலங்கில் கடல் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். ஏறும்போது கப்பலை ஓட்டிவந்து கரையில் செருகினால், இறங்கும்போது தரையில் உட்கார்ந்துவிடும். தூத்துக்குடிப் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. கட்டுகிறவனுக்கு அதுவே வசதி: டாக்கிலிருந்து கப்பலை வெளியே எடுக்கப் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் காத்திருக்க வேண்டாம்.