கடலடிச் சேற்றை எண்ணத் தெரிந்தவள்

மகளைக் கடல்சார் சுரங்கப் பொறியியலில் சேர்க்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள், அம்மா. "கோபால்ட், நிக்கல் எல்லாம் இனிமேல் கடலுக்கடியிலிருந்துதான் வரப்போகிறது, முந்திக்கொண்டவர்களுக்குத்தான் சம்பளம்" என்று உங்கள் தம்பி சொல்கிறாராம். பதற்றப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடன் தொகையைப் பார்த்ததும் மனம் வரவில்லை. வைக்காதீர்கள்.

பாப்புவா நியூ கினியின் கடலில், கடல் தரையைத் தோண்டித் தாது எடுக்கும் சோல்வாரா 1 திட்டத்துக்கு 2011இல் உரிமம் கிடைத்தது. ராட்சத இயந்திரங்களைச் செய்து முடித்தார்கள். வணிகத்துக்கு ஒரு டன் கூட எடுக்காமல், 2019இல் அதை நடத்திய நாட்டிலஸ் நிறுவனம் திவாலானது. நியூசிலாந்தின் தரனாக்கி கரைக்கு அப்பால் இரும்பு மணல் அள்ள 2017இல் அனுமதி தந்தார்கள். நீதிமன்றம் ரத்து செய்தது, 2021இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. முதலாவது பணம் இல்லாமல் விழுந்தது. இரண்டாவது வழக்கில், கடற்பறவைகள், பாலூட்டிகள் பற்றிய தகவல் போதவில்லை என்பது பெரிய கேள்வியாக நின்றது. நமீபியாவில் கடலடியில் வைரம் எடுக்கிறார்கள், உண்மைதான். அந்த ஒன்றை நம்பி வீட்டை எழுதிக்கொடுக்க முடியாது.

பொறியியல், மருத்துவம் பற்றிச் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். நான் சொல்வது பெந்திக் சூழலியல், அதாவது கடல் தரையில் வாழும் உயிர்களைப் பற்றிய படிப்பு. சுரங்கம் வந்தாலும், வராமல் தடுத்தாலும், மூடிவிட்டுப் போனாலும் இந்த ஆள் வேண்டும்.

வேலை இப்படி இருக்கும். கப்பலிலிருந்து வான் வீன் கிராப் என்ற இரும்புக் கவ்வியை இறக்கி, 0.1 சதுர மீட்டர் தரையை அப்படியே அள்ளுவார்கள். அந்தச் சேற்றை அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் கடல்நீர் விட்டு அலசுவார்கள். தங்குவதை ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்தால், உயிராக இருந்தவை இளஞ்சிவப்பாகத் தனித்துத் தெரியும். பிறகு நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொரு பாலிகீட் புழுவாக இடுக்கியில் எடுத்து, அதன் மயிர்முட்களைப் பார்த்து இனம் பிரிக்க வேண்டும். ஒரு சேற்று மாதிரிக்கே நாள்கணக்கில் ஆகலாம்.

அந்த எண்ணிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. தோண்டும்போது எழும் வண்டல் நீரோட்டத்தோடு போய், தோண்டாத இடத்திலும் படிந்து, வடிகட்டி உண்ணும் சிப்பிகளை மூச்சுத் திணற வைக்கும். புழு குறைந்தது தோண்டியதாலா, போன புயலாலா? தோண்டுவதற்கு முன்பே பல பருவங்கள் எண்ணியிருந்தால்தான், அதே போன்ற தொடாத இடம் ஒன்றையும் கூடவே எண்ணியிருந்தால்தான் பதில் சொல்ல முடியும். கலங்கல் எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும், எந்தப் பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை எழுதவும் இந்தக் கணக்குதான் ஆதாரம்.

உயிரியலில் இளங்கலை, கடல் உயிரியலில் முதுகலை, கூடவே புள்ளியியலும், அதற்கான ஆர் (R) என்ற கணினி மொழியும். இதற்கு வீடு போக வேண்டியதில்லை. முதல் சில வருடங்கள் சம்பளம் சுமார்தான், ஒப்பந்த வேலையாகவும் இருக்கும். அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் கடனில்லாமல் படிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. கடிதத்தோடு அவளுடைய நோட்டுப் பக்கம் ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். நண்டின் காலில் உள்ள கணுக்களை எண்ணி வரைந்து, தப்பாக எண்ணியதை அடித்துத் திருத்தியிருக்கிறாள். இயந்திரத்தின் படம் ஒன்று கூட இல்லை. தம்பியின் கணக்கை விட அந்தத் திருத்தத்தை நான் நம்புகிறேன். அவளிடம் கேட்காமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த விடுமுறையில் ஏதாவது கடல் உயிரியல் ஆய்வகத்துக்கு அவளே எழுதி, சேற்று மாதிரிகளைப் பிரித்துப் பழக ஒரு வாரம் அனுமதி கேட்கட்டும். முடிந்தால் ஒரு நாள் படகிலும் போய் வரட்டும், கடல் ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும். அந்த வாரம் முடிந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.