பணம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு எப்படிச் சுழல்கிறது? பாடப்புத்தகப் படம் நிஜம்தானா?

கேட்டவர் கல்லூரி மாணவர். அவருடைய பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் குடும்பங்கள் ஒரு பெட்டி, நிறுவனங்கள் ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறிகள். உழைப்பு இந்தப் பக்கம் போகிறது, கூலி அந்தப் பக்கம் வருகிறது. நிஜத்தில் இப்படித்தானா என்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய லேத் பட்டறையில் பதினேழு வருடம் கணக்கு எழுதியவன் நான். அம்புக்குறிகளில் தவறில்லை. அந்தப் படத்தில் தேதி இல்லை, அதுதான் குறை.

முதன்முதலில் இப்படியொரு படம் போட்டவர் பிரான்சுவா கெனே, பிரெஞ்சு அரசவை வைத்தியர், 1758இல். விவசாயி, நிலவுடைமையாளர், கைவினைஞர் ஆகிய மூவருக்கிடையே ஓராண்டில் பணம் எப்படி ஓடுகிறது என்று கோடு கோடாக வரைந்தார். அவராவது ஓர் ஆண்டுக் கணக்கு வைத்திருந்தார். பிறகு வந்த பாடப்புத்தகங்கள் அதையும் விட்டுவிட்டன.

எங்கள் பட்டறையின் தேதிகளைச் சொல்கிறேன். கார் உதிரிபாகங்களுக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுப்போம். இரும்புக் கம்பி மண்ணடியிலிருந்து வரும்; 30 நாள் தவணை, ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த லோடு வராது. ஆட்களுக்குக் கூலி சனிக்கிழமைதோறும். சரக்கு அனுப்பிய மாதத்துக்கான ஜிஎஸ்டி அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள். கம்பிக்குக் கொடுத்த வரியைக் கழித்தது போக மீதியைக் கட்டியாக வேண்டும். சரக்கு வாங்கிய பெரிய கம்பெனி பணம் தருவது 90ஆவது நாள், மனமிருந்தால். அதாவது கண்ணால் பார்க்காத பணத்துக்கு அரசாங்கத்திடம் முன்கூட்டியே வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. புகார் கொடுத்த மறுநாள் ஆர்டர் நின்றுவிடுமே என்று எங்கள் முதலாளி ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

இடைவெளியை அடைப்பது வங்கி ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேத் ஓட்டும் எங்கள் டர்னர், மகள் கல்யாணத்துக்காக அதே கிளையில்தான் பணம் போட்டு வைத்திருந்தார். அவருடைய சேமிப்பும் சேர்ந்துதான் எங்களுக்குக் கடனாக வந்து, சனிக்கிழமை அவர் கைக்கே கூலியாகப் போனது. நடுவில் வட்டி மட்டும் எங்கள் செலவு.

ஓவர்டிராஃப்டும் தீர்ந்தால் நகை. தங்கம் வாங்கினால் பணம் முடங்கிவிடும், இறக்குமதிக்காக அந்நியச் செலாவணியும் வெளியே போய்விடும் என்று எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் ஒரு தீபாவளி போனஸுக்கு முதலாளியம்மாவின் இரட்டை வடச் சங்கிலி காலை பத்து மணிக்கு அடகுக் கடைக்குப் போய், மதியம் பன்னிரண்டு பேர் சட்டைப் பையில் ரொக்கமாக இருந்ததைப் பார்த்தவன் நான். அந்த வேகம் எந்த வங்கிக்கும் கிடையாது.

துறை விட்டுத் துறை என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு எங்கள் தெருமுனை டீக்கடையைப் பார்த்தால் போதும். கார் விற்பனை படுத்தால் எங்களுக்கு ஓவர்டைம் நிற்கும். ஓவர்டைம் நின்றால் மாலை இரண்டாவது டீயும் வடையும் நிற்கும். கடைக்காரர் ஆவின் பால் பாக்கெட்டைக் குறைப்பார். அந்தப் பாலுக்கான பணம் கூட்டுறவு ஒன்றியம், கிராமத்துச் சங்கம் என்று இறங்கி மாடு வைத்திருப்பவரிடம் போய்ச் சேர்வது. அங்கிருந்து பிண்ணாக்குக் கடைக்கு. பால் பட்டணத்துக்கு ஏறி வரும், பணம் எதிர்த்திசையில் இறங்கிப் போகும்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 சதவீதம் அவை. அன்று செவ்வாய், சனிக்கிழமை கூலிக்கு என்னிடம் நூறு ரூபாய்த் தாள்கள் ஒரு கைப்பிடிதான். கம்பி இருந்தது, மின்சாரம் இருந்தது, ஆட்கள் வாசலில் நின்றார்கள், பாலும் வழக்கம்போல் வந்தது. எதுவும் குறையவில்லை, நோட்டைத் தவிர. டீக்கடைக்காரர் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினார். எஸ்டேட் பாதியும் மூன்று வாரம் அந்தப் பற்றுக் கணக்கில்தான் டீ குடித்தது.

டிசம்பரில் எங்கள் தெருவில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் கடைந்ததைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்து தருபவருக்கு நாங்கள் 41,000 ரூபாய் பாக்கி. அவர், உலோகப் பூச்சு போடும் பிளேட்டிங் கடைக்கு 36,000. பிளேட்டிங் கடைக்காரர் எங்களுக்கு 32,000. மூவரும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மாலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தாளில் மூன்று கணக்கிலும் 32,000 கழித்துக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் பாக்கி 9,000, ஹீட் ட்ரீட்மெண்ட்காரருடையது 4,000. ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை.

மார்ச்சில் ஆடிட்டர் அந்தப் பதிவில் விரல் வைத்து, காசோலை எண் எங்கே என்றார். அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன்; ஓரத்தில் டீ கறை இருந்தது.