வாட் எண் பிறகு எடுக்கலாம், இன்வாய்ஸை இன்றே வாங்குங்கள்

தம்பி, ஈஸ்ட் ஹாமில் கொத்து ரொட்டிக் கடை போட லிமிடெட் கம்பனி பதிந்துவிட்டீர்கள். அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் கட்டிய வாட்டை (VAT, மதிப்புக் கூட்டு வரி) திரும்பப் பெற உடனே வாட்டுக்குப் பதிந்து வாட் எண் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்பேன். லண்டனில் உணவுக்கடை நடத்துகிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

பொதுவாக, பன்னிரண்டு மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் வாட் பதிவு கட்டாயம். பதிந்த நாள் முதல் சூடாக விற்கும் ஒவ்வொரு பொதியிலும் வரிக்கு முந்தைய விலையில் 20% அரசுக்கு உரியது. 12 பவுண்டுக்கு விற்கும் ஆட்டிறைச்சிக் கொத்தில் 2 பவுண்டு போய்விடும். வாங்குகிறவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற சாதாரண மனிதர். அவரால் அந்த வரியை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது; விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மறுபக்கம், மா, அரிசி, இறைச்சி, மரக்கறி எல்லாம் பூச்சிய வீதத்தில் வருகின்றன. அவற்றில் நீங்கள் வாட்டே கட்டாதபோது திரும்பப் பெற என்ன இருக்கிறது? காப்புறுதிக்கும் சம்பளத்துக்கும் வாட் இல்லை. சோடா, பொதிப் பெட்டி, துப்புரவுச் சாமான் ஆகியவற்றில் கொஞ்சம் தேறும். நம் தொழிலில் பெரிய தொகை கிடைப்பது தளவாடங்களில்தான்.

அந்தத் தொகையும் இப்போது பதியாததால் கைவிட்டுப் போகாது. பதியும் நாளுக்கு முந்தைய 4 ஆண்டுகளில் தொழிலுக்காக வாங்கிய பொருள் அன்றும் உங்களிடம் இருந்தால், அதன் வாட்டை முதல் வாட் கணக்கறிக்கையிலேயே கேட்கலாம். 3,600 பவுண்டுக்கு வாங்கிய அடுப்பென்றால் 600 பவுண்டு. கம்பனி பதிவதற்கு முன் வாங்கியிருந்தாலும், கம்பனிக்காகவே வாங்கி அதன் கைக்கு வந்திருந்தால் கேட்கலாம். சேவைகளுக்கு மட்டும் 6 மாதம்தான்: வழக்கறிஞர் கட்டணம், கணக்காளர் கட்டணம் போன்றவை. பழுதாகி எறிந்த பொருளுக்கும் பதிவுக்கு முன்பே விற்று முடித்த சரக்குக்கும் கிடைக்காது.

இதற்கெல்லாம் ஆதாரம் தாள்தான். வங்கி அட்டை இயந்திரம் துப்பும் துண்டுச்சீட்டு போதாது. விற்றவரின் வாட் எண் இன்வாய்ஸில் இருக்க வேண்டும். 250 பவுண்டுக்கு மேற்பட்டதென்றால் உங்கள் கம்பனியின் பெயர், முகவரி, வாட் தனியாகப் பிரித்துக் காட்டிய தொகை என எல்லாமே வேண்டும். நம்மவர்களிடம் பழைய மா பிசையும் இயந்திரத்தைக் காசுக்கு வாங்குகிறோம். மலிவுதான், ஆனால் விற்றவர் வாட் பதியாதவர் என்றால் அதில் கேட்பதற்கு எதுவுமில்லை. விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

வேன் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டது நல்லது. தொழிலுக்கான வேனில் வாட்டைப் பெறலாம். காரில் அநேகமாக முடியாது: வீட்டுத் தேவைக்கு எடுக்க வழியிருந்தாலே வரித்துறையினர் மறுத்துவிடுவார்கள். பழைய வாகன விற்பனையாளர் லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் திட்டத்தில் விற்றால், அது வேனாக இருந்தாலும் உங்களுக்கு எதுவும் வராது. பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

மொத்த விற்பனையில் ஒரே வீதத்தை வாட்டாகக் கட்டிவிடும் நிலையான வீதத் திட்டத்தை (Flat Rate Scheme) யாராவது பரிந்துரைப்பார்கள். உணவகங்களுக்கு 12.5%, கேட்க இனிக்கும். ஆனால் அதில் ஆறிய நிலையில் விற்கும், வரியற்ற பண்டங்களின் விற்பனைக்கும் சேர்த்தே அந்த வீதம் விழும். சேர்ந்த பிறகு வாங்கும் தளவாடத்தில், ஒரே கொள்வனவு வாட்டோடு 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வாட்டைக் கேட்கலாம். கடையைப் பெரிதாக்கும் எண்ணம் இருக்கும்வரை அதில் சேராதீர்கள்.

ஒவ்வொரு மாத முடிவிலும் கடந்த பன்னிரண்டு மாத விற்பனையைக் கூட்டிப் பாருங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கணக்கிடுவது இதற்கு உதவாது. ஒரு மாத முடிவில் 90,000 தாண்டியிருந்தால் 30 நாட்களுக்குள் வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். ஜூலையில் தாண்டினால் செப்டம்பர் 1 முதல் வாட் வசூலிக்க வேண்டும். அதற்குள் புதிய விலைப்பட்டியல் அச்சடித்து, பணப்பெட்டியில் சூடானதையும் ஆறியதையும் வேறுவேறு பொத்தானில் பதிய வைத்துவிடுங்கள்.