லிங்க்குல சொந்தபந்தம் எழுதறது எப்படி: நீங்க கேட்டதும் என் பதிலும்

வெப்சைட் எடிட்டர்ல லிங்க் போடறப்ப ரெல்னு ஒரு கட்டம் வருதுங்ணா, அது எதுக்கு? (மஞ்சள் வியாபாரி, ஈரோடு)

லிங்க் எங்க போகுதுன்னு முகவரி சொல்லும்ங்க, அங்க இருக்கறவங்க உங்களுக்கு என்ன வேணும்னு ரெல் சொல்லும், அவ்வளவுதான். 2003ல டான்டெக் செலிக், எரிக் மேயர், மேட் முல்லன்வெக் மூணு பேரும் சேர்ந்து எக்ஸ்எஃப்என்னு இதுக்குன்னே ஒரு சொல்பட்டியல் போட்டாங்க. ஃப்ரெண்ட், கோ-வொர்க்கர், நெய்பர், நேர்ல பார்த்திருந்தா மெட், இப்படி. ரெண்டு மூணு சொல் வேணும்னா நடுவுல கமா போடாதீங்க, ஸ்பேஸ் மட்டும் விடுங்க. ஃப்ரெண்ட், அக்வெயின்டன்ஸ் (பழக்கமானவங்க), கான்டாக்ட் மூணுல ஒண்ணுதான் போடலாம். வேர்ட்பிரஸ்ங்கற சைட் கட்டற சாஃப்ட்வேர்ல, மெனு போடற பக்கத்துல இந்த கட்டம் காணோம்னா மேல ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸ்ல டிக் பண்ணுங்க, வந்துரும்.

பங்காளி கடை லிங்க்குக்கு சிப்லிங் போடலாமுங்களா? (கோபி)

அருமையான கேள்விங்க. கூடப் பொறந்தவங்களுக்கு மட்டும்தான் சிப்லிங். பெரியப்பா பையனை நாம வாய் நிறைய அண்ணான்னு கூப்பிட்டாலும் இங்க அவரு கின்தான், அதாவது சொந்தக்காரர்னு பொதுவா, மாமன் மச்சான் நங்கை கொழுந்தனார் எல்லாருக்கும் அதே கின்தான், நம்மூரு மொறைக்கெல்லாம் தனித்தனியா அதுல சொல்லு கெடையாது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்தான். ஆனா ஒண்ணு, யாரு வேணா சோர்ஸை, அதாவது பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற கோடைத் திறந்து படிக்கலாம், அதனால ஸ்பவுஸ், கின்னெல்லாம் போடறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டுருங்க.

ஃபோன் நம்பரைத் தொட்டா கால் போகணும். (பொள்ளாச்சி, தேங்கா மண்டி)

லிங்க் கட்டத்துல டெல், கோலன், பிளஸ் 91, அப்புறம் நம்பர், எல்லாம் ஒட்டி எழுதுங்க. லேண்ட்லைன்னா எஸ்டிடி கோடோட முதல் சைபரை எடுத்துரணும், பொள்ளாச்சி 04259ங்கறது பிளஸ் 91க்குப் பின்னாடி 4259ன்னு வரும், கோயமுத்தூர் 0422ன்னா 422. இதுல நானே அடிபட்டிருக்கேங்க. ஒரு நெசவுக்கடைக்கு சைபரோட போட்டுக் குடுத்துட்டேன், சிங்கப்பூர்ல இருந்து ஆர்டர் குடுக்க ஒருத்தரு அந்த லிங்க்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து லைனே கிடைக்காம மெயில் போட்டாரு, அந்த மெயிலைப் படிச்ச அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல. அதுல இருந்து எந்த சைட்டைக் குடுத்தாலும் மொதல்ல என் செல்லுல தொட்டு, டயலர்ல வர்ற நம்பரை ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுக்கறேன்.

மாஸ்டடான்ங்கற சோஷியல் மீடியாவுல என் சைட்டுக்கு பச்சை டிக் வரலையே?

ரெண்டு பக்கமும் லிங்க் வேணும்ங்க. அங்க புரொஃபைல்ல சைட் முகவரி, சைட்ல இருந்து புரொஃபைலுக்கு ரெல் மீ போட்ட லிங்க். மீங்கறது உங்க சொந்தப் பக்கத்துக்கு மட்டும்தான், அதுகூட வேற எந்த உறவுச் சொல்லும் சேராது.

காசு வாங்கிட்டு போடற லிங்க்குக்கு?

ரெல்ல ஸ்பான்சர்டுன்னு எழுதுங்க, கூகுள் 2019ல கொண்டு வந்தது. பழைய லிங்க்குல நோஃபாலோ (இந்த லிங்க்குக்கு நான் சிபாரிசு பண்ணலைன்னு கூகுளுக்குச் சொல்ற சொல்) இருந்தா அப்படியே விட்டுருங்க, அதுவும் செல்லும்.