தகப்பன்சாமியும் ராகுலனும்

அன்புள்ள ஐயா,

பர்மாவின் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். வயது 58. என் ஒரே மகன், 22 வயது, போன பர்மிய வாசோ மாதத்தில் பொங்கியாகிவிட்டான், அதாவது பௌத்தத் துறவியாகிவிட்டான். சின்னப் பையன்கள் ஒரு வாரம் மடத்தில் இருந்துவிட்டு வருவார்களே, அப்படி இல்லை. இனி வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான். நாங்கள் சைவக் குடும்பம், தினமும் விளக்கேற்றித் தேவாரம் படிக்கிற வீடு. கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போச்சே என்று என் அக்கா அழுகிறார். அவன் வந்து அனுமதி கேட்டபோது சரி என்று சொன்னவனும் நான்தான். ஆனால் என்னை அறுப்பது வேறு. துறவு கொடுத்த அன்று பெற்றவர்கள் எல்லாம் பிள்ளைகள் முன்னால் மண்டியிட்டு வணங்கினார்கள். என் மனைவியும் வணங்கினாள். நான் மட்டும் தூணோரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மேல்நாட்டு நாவல்களில் அப்பனை எதிர்ப்பதுதான் மகனுக்கு வேலை. நம் மரபில் மகன் என்றால் ராமன். அப்பா, மகன், சாமி இந்த மூன்றையும் பற்றி நான் படிக்க வேண்டியதைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நாவல்களுக்கு அப்புறம் வருகிறேன். மகன் அனுமதி கேட்டார், நீங்கள் சரி என்றீர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அந்த அனுமதியை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு பௌத்தத் துறவிகளின் விதிகளைச் சொல்லும் விநயபிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில், ஒரு கதை இருக்கிறது. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

புத்தர் ஞானம் பெற்ற பிறகு தன் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்கு வருகிறார். ராகுலனின் தாய் மகனைக் கூப்பிட்டு, ‘அதோ உன் அப்பா, போய் உனக்குச் சேர வேண்டியதைக் கேள்’ என்று அனுப்புகிறாள். பையன் போய் எதிரே நிற்கிறான். சொத்தைப் பற்றி அவன் வாயில் வரவில்லை. ‘துறவியே, உங்கள் நிழல் சுகமாக இருக்கிறது’ என்கிறான். பிறந்ததிலிருந்து அப்பாவின் பக்கத்தில் நிற்காத பிள்ளை சொல்கிற முதல் வார்த்தை இது. இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். புத்தர் எழுந்து நடக்கிறார். பையன் பின்னாலேயே போகிறான். ‘எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள், துறவியே.’ புத்தர் தன் சீடர் சாரிபுத்தரைக் கூப்பிட்டு, இவனுக்குத் துறவு கொடு என்கிறார்.

அதன் பிறகு வருகிறார் புத்தரின் அப்பா, கிழவர் சுத்தோதனர். மகன் போனான், இளைய மகன் நந்தன் போனான், இப்போது பேரனும் போய்விட்டான். அவர் சொல்வதை என் சொற்களில் தருகிறேன்: ‘நீங்கள் போனபோது நான் பட்டது கொஞ்சமில்லை. நந்தன் போனபோதும் அப்படித்தான். ராகுலன் போனது எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது. தோலை அறுத்துச் சதையை அறுக்கிறது, நரம்பை அறுக்கிறது, எலும்பை அறுத்து உள்ளே மஜ்ஜையில் போய் நிற்கிறது.’ பேரனைத் திருப்பிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. இனிமேல் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறார். புத்தர் அதை விதியாக்கினார். இன்றைக்கும் துறவு வாங்க வந்து நிற்பவரைப் பார்த்து, தாய் தந்தையரிடம் அனுமதி பெற்றாயா என்று சங்கம் கேட்கிறது.

‘அறுப்பது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதே சொல்தான். உங்கள் மகன் வீட்டுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாரே, அந்தக் கேள்வியை ஒரு தகப்பன் அழுது வாங்கிக்கொடுத்தார். அதனால் நீங்கள் சொன்ன ‘சரி’யை நினைத்து வருந்தாதீர்கள்.

வணங்காமல் திரும்பியதைப் பற்றி எழுத நான் யோசித்தேன். என் அப்பாவைப் பற்றிச் சொன்னால் போதும் என்று படுகிறது. 1963-ல் எனக்கு ஒன்பது வயது. ரங்கூனில் பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பம் தங்கள் பையன்களுக்கு ஷின்பியூ வைத்தது, பையன்களைச் சில நாள் துறவியாக்கும் சடங்கு. என்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மா கேட்டார். அப்பா அரிசி மில் கணக்குப்பிள்ளை, வெறும் நெற்றியோடு வாசல் தாண்ட மாட்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். பட்டுச் சட்டை போட்டு, குடை பிடித்து, ராஜகுமாரன் மாதிரி கூட்டிக்கொண்டு போனார்கள். தலை மழிக்கும்போது விழுகிற முடி தரையில் படக்கூடாது என்று பெற்றவர்கள் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிப்பார்கள் அல்லவா? ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் பட்டை விபூதியோடு அப்பா. அவர் கை நடுங்கியதில் துணியில் கிடந்த முடி நகர்ந்து நகர்ந்து நடுவில் சேர்ந்தது. ‘பழனிக்கு நேர்ந்த முடி, இங்க இறங்குது’ என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். மறுநாள் காலையில் திருவோட்டோடு எங்கள் வாசலில் போய் நின்றேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், சோறு போட்டார்.

எங்கள் வீட்டில் சுவாமிமலைப் படம் ஒன்று இருந்தது. பிள்ளை சொல்ல, அப்பன் தலையைக் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்கிற படம். உங்கள் வீட்டிலும் இருக்கும். தகப்பன்சாமி என்று நாம்தான் பெயர் வைத்தோம். மகன் முன்னால் தகப்பன் பணிவது பொங்கி மடத்து வழக்கம் மட்டும்தான் என்று எண்ணி நீங்கள் தூணோரம் நின்றிருந்தால், வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். வணங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனம் வராதபோது மண்டியிடுவதில் ஒன்றும் இல்லை.

சரி, ‘நம் மரபில் மகன் என்றால் ராமன்’. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரகலாதனை எங்கே வைப்பீர்கள்? சாமியின் பெயரால் அப்பனை எதிர்த்து நின்ற பிள்ளையைத்தானே இத்தனை நூற்றாண்டாகக் கொண்டாடுகிறோம். கடோபநிடதத்தில் நசிகேதன் அப்பாவின் யாகத்தில் உள்ள குறையைக் கேள்வி கேட்டுக் கோபத்தை வாங்கிக்கொள்கிறான். ‘உன்னை யமனுக்குக் கொடுத்தேன்’ என்று தகப்பன் வாய் தவறிச் சொல்ல, யமன் வாசலுக்கே போய்விடுகிறான். யமன் மூன்று வரம் தருகிறான். சாவுக்குப் பின்னால் என்ன என்பது மூன்றாவது வரம்தான். அவன் முதலில் கேட்பது, ‘என் அப்பாவின் கோபம் தணிய வேண்டும், நான் திரும்பிப் போகும்போது என்னை அடையாளம் கண்டு பேச வேண்டும்’ என்று. உங்கள் மகன் இதைப் படித்திருக்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டு நாவல்களைப் பற்றியும் நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். துர்கனேவின் ‘தந்தையரும் தனயர்களும்’ 1862-ல் வந்தது. எதையும் நம்பாத இளைஞன் பசாரவ் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். ஐம்பது வயதுக்கு மேல் படித்தால் கண்ணில் படுகிறவர் அவனுடைய அப்பா, ஓய்வுபெற்ற ராணுவ வைத்தியர். மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வரும் மகன் மூன்றே நாளில் கிளம்புகிறான். பிரேதப் பரிசோதனையில் கை கீறி விஷம் ஏறிச் சாகக் கிடக்கும்போது, கடைசிச் சடங்கைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி அப்பா கெஞ்சுகிறார். மகன் மறுத்துப் பேசவில்லை. அவசரம் வேண்டாம், நினைவு தப்பியவர்களுக்கும் அதைச் செய்கிறார்களே என்று தள்ளிவைக்கிறான். தன் நம்பிக்கையை விடாமலும் அப்பாவை உடைக்காமலும் அவன் படுகிற பாட்டைப் பாருங்கள். கல்லறையில் இரண்டு கிழடுகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வந்து மண்டியிடும் கடைசிப் பக்கத்தை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய ‘தந்தையும் மகனும்’ வேறு ரகம், சொந்த வாழ்க்கை வரலாறு. அப்பா உயிரியல் அறிஞர், கடுமையான கிறிஸ்தவர். விக்கிரகத்தை வணங்கினால் கடவுள் தண்டிப்பார் என்று அப்பா சொன்னதைச் சோதிக்க, சிறுவன் ஒரு நாற்காலியை வைத்து அதைக் கும்பிட்டுப் பார்க்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவை விட்டு விலகின மகன்தான் எழுதுகிறார், ஆனால் அந்த அப்பாவின் மேல் நமக்கு வெறுப்பு வருவதில்லை. அதற்காகவே எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும்.

‘சைவக் குடும்பம்’ என்று எழுதியிருப்பதால் இன்னும் ஒன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு அவன் தந்தை மாசாத்துவான் சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியாகிறார். மணிமேகலையில் அதே மனிதர் வஞ்சியில் பேத்திக்கு வழி சொல்லும் முதியவராக வருகிறார். மகனை இழந்த தமிழ்த் தகப்பன் ஒருவர் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் உங்கள் மகனும் இருக்கிறார். நம் வீட்டுக்கு அந்நியமான வாசல் என்று அதை நினைக்காதீர்கள்.

கொள்ளி வைப்பதற்குப் பங்காளிப் பிள்ளைகள் இருப்பார்கள். அக்காவிடம் அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ராகுலன் கதை உங்கள் மகனிடம் பர்மிய எழுத்தில் இருக்கும். அடுத்த பௌர்ணமிக்குச் சோறு எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போங்கள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, சுத்தோதனர் பேசும் இடத்தைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘மஜ்ஜை’ என்ற இடத்தில் அவருக்குத் தமிழ்ச் சொல் தடுக்கலாம், நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.